கல்லில் வெட்டிய கையெழுத்து



கடந்த வெள்ளிக்கிழமை தோஹா தொழில்பேட்டையில் நம் பிள்ளைகள் தங்கியிருக்கும் விடுதிக்குச் சென்றிருந்தேன். சிவப்புக்கல் மோதிரம் அணிந்த தம்பி ஒருவர், "சாமி, இந்தக் கல்லிலேயே பேர் வெட்ட முடியுமா?" என்றார். அன்று தலையை மட்டும் அசைத்தேன். முழு விடை இதோ.

முடியும். ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே வெட்டினார்கள். புதுச்சேரிக்குத் தெற்கே உள்ள அரிக்கமேட்டில் ஊர்ப்பிள்ளைகள் பொறுக்கித் தந்த மணிகளை ழூவோ துப்ரேய் என்னும் பிரெஞ்சு அறிஞர் திரட்டிவந்தார். 1937ஆம் ஆண்டளவில் அவர் கண்ட கல் ஒன்றில் ஒரு முகம் குடையப்பட்டிருந்தது. அது அகுஸ்து சீசரின் முகம் என்றார் அவர். லூக்கா நற்செய்தியில் மக்கள்தொகையைக் கணக்கிடக் கட்டளையிடுகிறாரே, அதே அகுஸ்து!

1945இல் மார்ட்டிமர் வீலர் அங்கே அகழாய்வு செய்து, உரோமை வணிகத் தொடர்பை உறுதிப்படுத்தினார். அவருக்கு முன்பே அங்கு தோண்டியவர்களுள் ஃபோஷே என்ற குருவானவரும் உண்டு. குருக்களையும் மண்ணாசை விடுவதில்லை போலும்.

இத்தகைய கல் வெறும் அணிகலன் அன்று. கடினமான தூளை எண்ணெயில் குழைத்து, நுண்ணிய துளைக்கருவியைச் சுழற்றி, உருவத்தை இடவலம் மாற்றிக் குடைவார்கள். மெழுகிலோ களிமண்ணிலோ அழுத்தும்போதுதான் முகம் நேராக எழும். சூதுபவளத்தில் மெழுகு எளிதில் ஒட்டாது என்பதால் அதை மிகவும் விரும்பினர். அகுஸ்து தம் மடல்களுக்கும் பயண ஆணைகளுக்கும் முதலில் ஸ்பிங்ஸ் உருவத்தையும், பின்பு அலெக்சாந்தரின் உருவத்தையும், இறுதியில் தியோஸ்கூரிதெஸ் வெட்டிய தம் உருவத்தையும் முத்திரையாகப் பதித்தார் என்று சுவெத்தோனியு எழுதியுள்ளார். உங்கள் பாஸ்போர்ட்டில் விழும் முத்திரைக்கு அது மூத்த உறவு.

கேரளத்தின் பட்டணம் அகழ்விலும் 2020இல் ஸ்பிங்ஸ் வெட்டிய கல்முத்திரை கிடைத்தது. பேரரசரின் மடலே முசிறிக்கு வந்தது என்று சொல்லிவிட ஆசைதான், நான் துணியமாட்டேன். மன்னர் விரும்பிய உருவத்தை வணிகரும் விரும்பி அணிந்திருப்பர்.

ஆனால் அந்தக் கற்களைக் குடைந்தவர் பெயர் எதிலும் இல்லை. கடல் கடந்த நம்மவர் ஒருவரின் பெயரைத் தேடினால், நாம் இருக்கும் இந்த வளைகுடா நாடுகளுக்குள்ளேயே வரவேண்டும். ஓமானின் கோர் ரோரியில் 2006இல் கிடைத்த பானை ஓட்டில், தமிழ்ப் பிராமி எழுத்தில், "ணந்தை கீரன்" என்று இருக்கிறது. காலம் கி.பி. முதல் நூற்றாண்டு.

தம்பி, கல்லில் உம் பெயரை வெட்டத் தருவதானால், முத்திரையாகப் பதிக்கவா, பார்ப்பதற்கு மட்டுமா என்று முதலில் சொல்லிவிடும். பதிப்பதற்கு என்றால் எழுத்தைத் திருப்பி வெட்டவேண்டும்.