கால் இல்லாத வட்ட மேஜை

வட்ட மேஜை என்றதும் பாடப்புத்தகத்தில் படித்த 1930-ஆம் வருட லண்டன் மாநாடுதான் ஞாபகத்துக்கு வரும். இது வேறு மேஜை. இங்கிலாந்தின் வின்செஸ்டர் நகரில், பழைய கோட்டையின் பெரிய மண்டபத்தில் சுவரில் மாட்டியிருக்கிறது. ஆமாம், மேஜைதான், சுவரில்! குறுக்களவு ஐந்தரை மீட்டர், எடை சுமார் 1,200 கிலோ. கால்கள்தான் இல்லை.

ஆர்தர் மன்னரும் அவருடைய வீரர்களும் உட்கார்ந்த மேஜை இதுதான் என்று பல தலைமுறைகள் நம்பின. எட்டாம் ஹென்றி காலத்தில் இதற்கு வர்ணம் பூசி, ஆர்தரின் உருவத்தையும் 24 வீரர்களின் பெயர்களையும் எழுதினார்கள். நடுவில் ஹென்றியின் டியூடர் குடும்பத்து ரோஜா. ஆர்தரின் முகத்தில் ஹென்றியின் சாயல் என்றும் சொல்கிறார்கள். 1522-ல் விருந்தாளியாக வந்த பேரரசர் ஐந்தாம் சார்லஸுக்கு ஹென்றி இதைக் காட்டினார். பாட்டன் சொத்து என்று காட்டிக்கொள்ள வேண்டுமே! பிறகு 1789-ல் மறுபடியும் வர்ணம் பூசினார்கள். அதனால் இன்று கண்ணில் படுவது முழுக்க டியூடர் காலத்துத் தூரிகை அல்ல.

முன்பக்கத்துக்கு இத்தனை உபசாரம். விஷயம் இருந்ததோ பின்பக்கத்தில்.

1976-ல் மேஜையைக் கீழே இறக்கி, தொல்லியல் அறிஞர் மார்ட்டின் பிடில் குழுவினர் ஆராய்ந்தார்கள். 121 ஓக் மரத் துண்டுகளை இணைத்துச் செய்திருந்தது. பின்னால் கால் செருகிய இடங்கள் தெரிந்தன: ஓரத்தைச் சுற்றி 12 கால்கள், நடுவில் ஒரு பெரிய தாங்கி. ஆக, இது சுவர் அலங்காரத்துக்காகச் செய்தது அல்ல, தரையில் நின்ற நிஜமான மேஜை. மர வளையம், கார்பன் சோதனை, தச்சு வேலையின் பாணி எல்லாம் 13-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைக் காட்டின. ஆர்தர் என்று ஒருவர் இருந்திருந்தால் அவர் காலத்துக்குப் பல நூற்றாண்டுகள் பிந்தியது! முதலாம் எட்வர்ட், தன் பிள்ளைகளின் திருமண ஏற்பாடுகளை ஒட்டி 1290-ல் நடத்திய வீர விளையாட்டு விழாவுக்காகச் செய்திருக்கலாம் என்பது பிடிலின் கருத்து.

இடையில் யாராவது ஆசைப்பட்டு இதற்குப் புதுக் கால் போட்டிருந்தால்? பழைய துளையைச் செதுக்கி அகலமாக்கியிருப்பார்கள், அல்லது அடைத்துவிட்டு வேறு இடத்தில் துளைத்திருப்பார்கள். எத்தனை கால் என்ற கணக்கே போயிருக்கும். காணாமல் போன வவுச்சருக்குப் பதிலாகப் புதிதாக ஒன்று எழுதி ஃபைலில் வைப்பது மாதிரிதான் அது.

இன்று நல்ல தச்சர் நினைத்தால் 12 கால் செய்வது பெரிய காரியமில்லை. ஆனால் எந்த மாதிரிக் கால்? துளை எண்ணிக்கையைச் சொல்லும், செதுக்கு வேலையைச் சொல்லாது. அந்தக் கால்களைப் பார்த்தவர் யாரும் படம் வரைந்து வைக்கவில்லை.

ஆராய்ச்சி முடிந்ததும் மேஜையைக் கால் இல்லாமலேயே திரும்ப மேலே ஏற்றிவிட்டார்கள். பார்க்க வருகிறவர்கள் ரோஜாவையும் ராஜாவையும் பார்க்கிறார்கள். துளைகள் சுவரைப் பார்த்தபடி இருக்கின்றன.