கரடிக்கு வைத்த சோறு

"அப்பா, அந்தச் சுண்டல் பொட்டலத்த உள்ள கொண்டாங்க" என்று அதட்டினாள் மகள். கிரானைட் பார்க் சாலே என்னும் கல் விடுதியின் வாசலில் உட்கார்ந்திருந்தேன். காக்காய்க்கு ஒரு பிடி வைக்காமல் சாப்பிட்டறியாத குடும்பம் எங்களுடையது. "மிச்சம் ரெண்டு பருக்கைதானேம்மா" என்றேன். "இந்த எடத்துல அந்தப் பேச்சே கூடாதுப்பா" என்றாள். ஏனென்று அன்றிரவுதான் தெரிந்துகொண்டேன்.

அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில், கிளேசியர் தேசியப் பூங்காவுக்குள், லோகன் கணவாயிலிருந்து 12 கிலோமீட்டர் நடந்தால் வருகிறது இந்த விடுதி. கிரேட் நார்தர்ன் ரயில்வே தன் பயணிகளுக்காக 1914-15இல் கட்டியது. 1960களில் இங்கே மிஞ்சிய சாப்பாடு பின்பக்கம் கொட்டப்பட்டது. இருட்டியதும் கிரிஸ்லி கரடிகள் வரும். விருந்தாளிகள் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். யெல்லோஸ்டோன் பூங்காவிலோ அதற்கு முன்பே குப்பைமேட்டைச் சுற்றி பெஞ்சு போட்டே காட்டினார்கள். தின்று பழகிய கரடிகள் சும்மா இருக்குமா? அங்கே 1931 முதல் 1969 வரை ஆண்டுக்குச் சராசரியாக 48 பேர் கரடியிடம் காயம்பட்டார்கள்.

கிளேசியரில் மட்டும் 1910இல் பூங்கா தொடங்கியதிலிருந்து 57 ஆண்டுகள் கரடியால் ஓர் உயிர்கூடப் போனதில்லை. 1967 ஆகஸ்டு 13, விடியாத இருட்டில் அந்தக் கணக்கு முடிந்தது. இந்த விடுதிக்கு அருகே வெட்டவெளியில் தூங்கிய 19 வயதுப் பெண்ணை ஒரு கரடி இழுத்துப் போனது. அதே இரவு, மலைக்கு அப்பால் டிரவுட் ஏரிக்கரையில் இன்னொரு 19 வயதுப் பெண்ணை வேறொரு கரடி கொன்றது. அந்தக் கோடை முழுக்க ஆட்கள் தங்கும் இடங்களில் சாப்பாடு தேடித் திரிந்த கரடி அது.

பிறகு கரடிகளைச் சுட்டார்கள். குப்பை கொட்டுவது நின்றது. கொண்டுபோனதைத் திரும்பச் சுமந்துவருவது சட்டமானது. யெல்லோஸ்டோனிலும் குப்பைமேடுகளை மூட முடிவெடுத்தார்கள். அங்கே 1959 முதல் கிரிஸ்லிகளை ஆராய்ந்துவந்த கிரெய்க்ஹெட் சகோதரர்கள், "படிப்படியாக மூடுங்கள், தீனி திடீரென்று நின்றால் கரடி கூடாரத்தைத் தேடி வரும்" என்று வாதிட்டார்கள். பூங்கா காத்திருக்கவில்லை. தொடர்ந்த ஆண்டுகளில் கரடிகள் ஏராளமாகச் செத்தன. 1975இல், அலாஸ்கா நீங்கலான மாநிலங்களில், கிரிஸ்லியைச் சட்டப் பாதுகாப்பில் சேர்க்க வேண்டிவந்தது. நாம் வைத்த சோற்றுக்கு உயிரைக் கொடுத்தவற்றில் கரடிகளே அதிகம்.

இதையெல்லாம் மகள் சொல்லிமுடித்தபோது இரவு வெகுநேரம். கழிப்பறை வெளியே இருந்தது. டார்ச் அடித்தபடி, வாய்விட்டுப் பேசிக்கொண்டே போய்வந்தேன்.

காலையில் இறங்கினோம். மிளகாய்க் காரத்தை அடைத்த ஸ்பிரே மகளின் பைக்குள் அல்ல, சட்டென்று எடுக்க வாகாக இடுப்பில் இருந்தது. திருப்பம் வந்தால், ஓடைச் சத்தம் கேட்டால், "ஏய் கரடி, நாங்க வர்றோம்!" என்று குரல் கொடுத்தோம். திடுக்கிட்ட கரடி பாயக்கூடும். முன்கூட்டியே தெரிந்தால் பெரும்பாலும் ஒதுங்கிவிடும்.

தூரத்துச் சரிவில் ஒன்று கிழங்கு தோண்டிக்கொண்டிருந்தது. கை தன்னால் சட்டைப் பைக்குப் போனது, சுண்டல் இல்லை. எங்கள் குரல் கேட்டு ஒருமுறை தலைதூக்கியது. எங்களிடம் தனக்கு ஒன்றுமில்லை என்பதுபோல் மறுபடி மண்ணைப் பறிக்கத் தொடங்கியது.