எந்தக் கதவைத் தட்டுவது?

முதலில் எங்கள் காயல்பட்டினத்தில் நடந்த ஒரு சம்பவத்தைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் தெருப் பெரியவர் ஒருவருக்கு ஒருநாள் சுபுஹு தொழுகைக்குப் பிறகு நெஞ்சில் பாரம். கூடவே வியர்வை. "வாயுவாத்தான் இருக்கும்" என்று சோடா வாங்கிக் குடித்தார். குறையவில்லை. பக்கத்துக் கிளினிக் திறக்கட்டும் என்று மூன்று மணி நேரம் காத்திருந்தார். டாக்டர் பார்த்தவுடனேயே தூத்துக்குடிக்கு அனுப்பிவிட்டார். மாரடைப்பு! உயிர் பிழைத்துவிட்டார். ஆனால் இதயத் தசையில் ஒரு பகுதி செயலிழந்துவிட்டது. கிளினிக் மீது எந்தத் தப்பும் இல்லை. அவர் தட்டிய கதவுதான் தவறு.

சரி, இத்தனை வகைக் கதவுகள் எப்படி வந்தன? கொஞ்சம் வரலாற்றைப் பார்ப்போம்.

பிரான்சில் நெப்போலியனின் படையில் லாரே என்றொரு அறுவை மருத்துவர் இருந்தார். 1790களில் போர்க்களத்திலிருந்து காயம்பட்டவர்களை உடனே தூக்கிவர வேகமான குதிரை வண்டிகளை ஏற்பாடு செய்தார். ஆம்புலன்சின் முன்னோடி அதுதான். அதிகாரியா, சிப்பாயா என்று அவர் பார்க்கவில்லை. யாருக்கு ஆபத்து அதிகமோ அவருக்கே முதல் சிகிச்சை. பிற்காலத்தில் இந்த முறைக்கு 'ட்ரியாஜ்' என்று பெயர் வந்தது. பிரெஞ்சு மொழியில் 'தரம் பிரித்தல்' என்று பொருள். நம் முத்துக்குளித்துறைக்காரர்களுக்கு இது புதிதல்ல. வெவ்வேறு அளவில் துளையிட்ட பித்தளைச் சல்லடைகளில் போட்டு முத்துகளைத் தரம் பிரித்தவர்கள் நாம். அங்கே அளவுகோல் முத்தின் பருமன், இங்கே உயிருக்குள்ள ஆபத்து. அவ்வளவுதான் வித்தியாசம்.

நம் மாநிலத்தில் பெரிய கதவுதான் முதலில் திறந்தது. சென்னை அரசு பொது மருத்துவமனை 1664ல் புனித ஜார்ஜ் கோட்டைக்குள், கம்பெனிச் சிப்பாய்களுக்காகத் தொடங்கப்பட்டது. கிராமத்து மக்களுக்குப் பக்கத்திலேயே ஒரு சின்னக் கதவு வேண்டும் என்று அழுத்தமாகச் சொன்னது 1946ல் வந்த போர் குழு அறிக்கை. இன்றைய ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு அடித்தளம் அதுதான். பிறகு 1970களில் அமெரிக்காவில், முன்பதிவு இல்லாமல் நேரே போய்க் காட்டும் அவசரக் கிளினிக்குகள் முளைத்தன. சளி, சுளுக்கு என்று வருபவர்களும் பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவிலேயே குவிந்ததற்கு மாற்று வழி அது. தமிழ்நாட்டு நகரங்களிலும் 2023 ஜூனில் 500 நலவாழ்வு மையங்கள் ஒரே நாளில் திறக்கப்பட்டன.

உயிர் போகும் அவசரத்துக்கு வேறொரு வழி உருவானது. 2005ல் ஹைதராபாத்தில் தொடங்கிய 108 சேவை, 2008 செப்டம்பரில் தமிழ்நாட்டுக்கு வந்தது. அதற்கு முன்பே, 1989ல், உச்ச நீதிமன்றம் ஒரு முக்கியமான தீர்ப்பு சொல்லியிருந்தது. அடிபட்டு வருபவருக்கு அரசு மருத்துவரானாலும் தனியார் மருத்துவரானாலும் முதலில் சிகிச்சை தரவேண்டும், போலீஸ் நடைமுறைகள் பிறகுதான்! 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில், சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம்.

ஆக, கதவுகள் எல்லாம் இருக்கின்றன. தரம் பிரிக்கும் முதல் சல்லடை மட்டும் நம் வீட்டில், நம் கையில் இருக்கிறது.

சாதாரணக் காய்ச்சல், சளி, காதுவலி, லேசான வயிற்றுப்போக்கு, சுளுக்கு, சின்ன வெட்டுக்காயம்... இதற்கெல்லாம் பக்கத்துக் கிளினிக்கோ ஆரம்ப சுகாதார நிலையமோ போதும். நெஞ்சில் பாரம், மூச்சுத் திணறல், வாய் கோணுதல், பேச்சுக் குழறல், ஒரு பக்கக் கை கால் விழுதல், நிற்காத ரத்தம், மயக்கம், பாம்புக்கடி என்றால் கிளினிக் திறக்கக் காத்திருக்கவே கூடாது. உடனே 108. பக்கவாதத்தில் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்குப் பொதுவாக நாலரை மணி நேரம்தான் கெடு. இங்கிருந்து தூத்துக்குடி போய்ச் சேரும் நேரமும் அதற்குள்தான் அடக்கம் என்பதை மறந்துவிடாதீர்கள்.

அந்தப் பெரியவர் இப்போது மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குகிறார். எங்களைப் பார்த்தால் ஒன்றே ஒன்றுதான் சொல்வார்: "சோடாவை நம்பாதீங்க தம்பி!"