ஊர்க் கிணறு சொல்லும் கணக்கு

(வானொலியில் ஒலிபரப்பான பேச்சு)



2021-ஆம் ஆண்டு கார்த்திகை மாதம் உங்களுக்கு நினைவிருக்கும். அந்த வடகிழக்குப் பருவத்தில் தமிழ்நாட்டில் வழக்கத்தைவிட ஏறக்குறைய 60 சதவீதம் கூடுதலாக மழை பெய்தது. ஜவ்வாது மலையில் பெய்த தண்ணீர் அடிவாரத்து ஏரிகளையும் கிணறுகளையும் நிரப்பியது. அந்தச் சமயத்தில் போளூர்ப் பக்கம் ஒரு விவசாயி என்னிடம் வந்து, "சார், கெணத்துல தண்ணியைக் கையால மொண்டுக்கலாம், அவ்வளவு மேல வந்துட்டுது. ஆனா கக்கூசுல ஒரு சொம்பு தண்ணி ஊத்தினா உள்ளே இறங்க மாட்டேங்குது. குழி ரொம்பிப் போச்சுங்களா?" என்று கேட்டார்.

குழி வெட்டி மூன்று வருஷம்தான் ஆகியிருந்தது. குழி நிரம்பவில்லை. பூமி நிரம்பியிருந்தது. அவர் வீட்டுக் கிணறும் கழிவறைக் குழியும் அன்றைக்கு ஒரே தண்ணீரில் நின்றுகொண்டிருந்தன. "குழி தண்ணி இறங்காதது சங்கடம்தான். அதைவிட, அந்தக் கிணத்துத் தண்ணியை யார் குடிக்கிறாங்க?" என்று நான் கேட்டதும் அவர் முகம் மாறிவிட்டது.

இந்தச் சங்கடம் நமக்கு மட்டும் வந்ததல்ல. வேறு ஊர்க்காரர்கள் இதில் பட்ட பாட்டையும், எப்படிச் சமாளித்தார்கள் என்பதையும் தெரிந்துகொண்டால் நமக்கு லாபம்.

முதலில் ஒரு விஷயம். கழிவறைக் குழியின் சுவரில் ஓட்டை விட்டுக் கட்டுகிறோம். தண்ணீர் அந்த வழியாக வெளியேறி மண்ணில் ஊறுகிறது. ஊறும்போது மண் அதை வடிகட்டுகிறது. கிருமிகள் மண்ணில் தங்கி மடிகின்றன. குழிக்கும் நிலத்தடி நீருக்கும் நடுவே காய்ந்த மண் இருக்கும் வரையில்தான் இந்த வேலை ஒழுங்காக நடக்கும். தண்ணீர் மேலே ஏறிக் குழியைத் தொட்டுவிட்டால் வடிகட்டி போய்விடுகிறது. அப்புறம் குழியில் இருப்பது கிணற்றுக்கும் போகலாம்.

இதன் விபரீதத்தை உலகம் தெரிந்துகொண்டது லண்டன் நகரில், 1854-ஆம் ஆண்டில். அந்த வருஷம் பிராட் தெரு என்ற இடத்தில் காலரா கண்டு சில வாரங்களில் 600 பேருக்கு மேல் மாண்டார்கள். கெட்ட காற்றால்தான் காலரா வருகிறது என்று பெரிய பெரிய வைத்தியர்களே நம்பிய காலம் அது. ஜான் ஸ்னோ என்ற டாக்டர் வீடு வீடாகப் போய் விசாரித்தார். செத்தவர்களில் பெரும்பாலோர் அந்தத் தெருவில் இருந்த ஒரே அடிபம்பில் தண்ணீர் எடுத்தவர்கள் என்று கண்டுபிடித்தார். அவர் சொன்னதன்பேரில் செப்டம்பர் 8-ஆம் தேதி பம்பின் கைப்பிடியைக் கழற்றினார்கள். மறு வருஷம் தோண்டிப் பார்த்தபோது உண்மை தெரிந்தது. பம்புக் கிணற்றுக்குச் சுமார் மூன்றடி தூரத்தில் ஒரு வீட்டின் கழிவுக் குழி. அதன் செங்கல் உதிர்ந்து, கழிவு மண் வழியாகக் கிணற்றுக்குக் கசிந்திருந்தது. கிணற்றுத் தண்ணீர் பார்வைக்குத் தெளிவாகத்தான் இருந்தது! கண்ணுக்குத் தெளிவாக இருந்தால் நல்ல தண்ணீர் என்று நினைக்கக் கூடாது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

அங்கே கழிவு கிணற்றுக்குப் போனது. இதற்கு நேர்மாறாக, நிலத்தடி நீர் சாக்கடைக்குள் புகுந்த கதையும் அதே நாட்டில் உண்டு. லண்டனுக்கு மேற்கே சுமார் 100 கிலோமீட்டரில் லாம்போர்ன் என்ற ஆற்றுப் பள்ளத்தாக்கு இருக்கிறது. பந்தயக் குதிரை பழக்குவதற்குப் பேர்போன பகுதி. அந்த வட்டாரத்துப் பூமி முழுக்கச் சீமைச் சுண்ணாம்புப் பாறை. மழைத் தண்ணீர் மேலே ஓடாமல் அந்தப் பாறைக்குள் இறங்கிவிடும். மழைக்காலம் முழுவதும் உள்ளுக்குள்ளேயே ஏறி ஏறி, கடைசியில் வயலிலும் வீட்டுத் தரையிலும் ஊற்றாகக் கிளம்பும். ஆற்றின் மேல் பகுதி கோடையில் வறண்டு கிடந்து, நிலத்தடி நீர் ஏறிய பிறகுதான் ஓடத் தொடங்கும்.

அந்த ஊர்களில் வீட்டுக் கழிவெல்லாம் தெருவுக்கு அடியில் புதைத்த குழாய்கள் வழியாகப் போகிறது. 2000-ஆம் ஆண்டு இலையுதிர் பருவத்தில், 1766-இல் கணக்கு எடுக்கத் தொடங்கியதிலிருந்து இல்லாத மழை இங்கிலாந்தில் பெய்தது. 2013-14 குளிர்காலத்திலும் அதே மாதிரி ஒரு சாதனை மழை. இரண்டு தடவையும் நிலத்தடி நீர் குழாய்களுக்கு மேலே ஏறியது. குழாய் இணைப்புகளிலும், கீறல்களிலும், ஆள் இறங்கும் தொட்டிகளின் செங்கல் சந்துகளிலும் தண்ணீர் உள்ளே புகுந்தது. குழாய் நிறையப் பூமித் தண்ணீர் ஓடினால் வீட்டுக் கழிவுக்கு ஏது இடம்? தெருத் தொட்டிகளின் மூடியைத் தள்ளிக்கொண்டு சாக்கடை வெளியே வந்தது. தாழ்வான வீடுகளில் கழிவறையே உபயோகிக்க முடியவில்லை.

சாக்கடையைப் பராமரிக்கும் தேம்ஸ் வாட்டர் நிறுவனம் டேங்கர் லாரிகளைக் கொண்டுவந்து உறிஞ்சியது. உறிஞ்ச உறிஞ்ச, பூமியிலிருந்து மறுபடி நிரம்பியது. கிணற்றடி நீரை இறைத்துத் தீர்க்கிற மாதிரிதான்! நோய்க்கு மருந்து உறிஞ்சுவது அல்ல, ஓட்டையை அடைப்பதுதான் என்று அதன்பிறகு அந்தப் பள்ளத்தாக்கில் வேலை நடந்தது. குழாய்க்குள் காமிரா விட்டுக் கசியும் இடங்களைக் கண்டார்கள். பழைய குழாய்க்குள் புதிதாக உறை போட்டார்கள். தொட்டிகளின் சந்துகளைப் பூசினார்கள்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. தெருக் குழாயை மட்டும் அடைத்தால் போதாது. வீட்டிலிருந்து தெருவுக்கு வரும் குழாய் அவரவர் பொறுப்பு. ஒருவர் அடைத்து மற்றவர் அடைக்காவிட்டால் தண்ணீர் அடுத்த ஓட்டையைத் தேடிப் போகும். கூரை மழைநீரைச் சாக்கடையில் விடுகிறவர் ஒருவர் இருந்தாலும் தாழ்வான வீட்டுக்காரர்தான் அவதிப்படுவார். ஆகவே ஊரார் குழு அமைத்தார்கள். ஆழ்துளைக் குழாயில் நிலத்தடி நீர் எவ்வளவு ஏறியிருக்கிறது என்ற கணக்கைப் பார்த்து, அபாய அளவு நெருங்கும் முன்பே ஆயத்தம் செய்யப் பழகினார்கள். ஊர் கூடித் தேர் இழுக்கிற காரியம்தான் இதுவும்.

"அங்கே மழை அதிகம், பூமியும் வேறே. நமக்கென்ன?" என்று நீங்கள் கேட்கலாம். தண்ணீர் ஏறுவதற்கு மழைதான் வேண்டும் என்பதில்லை. நம் நாட்டிலேயே மழை குறைந்த ராஜஸ்தானில், ஜோத்பூர் நகரத்தைப் பாருங்கள்.

1459-இல் ராவ் ஜோதா அமைத்த நகரம் அது. ஆண்டுக்கு 400 மில்லிமீட்டருக்கும் குறைவான மழை. ஆகவே ஊர் நிறையக் கிணறுகளும் படிக்கிணறுகளும் வெட்டி, ஒவ்வொரு சொட்டையும் எண்ணிச் செலவழித்து வாழ்ந்தார்கள். பஞ்சாபில் ஹரிகே என்ற இடத்தில் தொடங்கும் இந்திரா காந்தி கால்வாயின் வேலை 1958-இல் ஆரம்பமாயிற்று. 1990-களின் பிற்பகுதியில் அதன் தண்ணீர் ஜோத்பூருக்கும் வந்தது. ஜனங்களுக்குச் சந்தோஷம். குழாயைத் திறந்தால் தண்ணீர்! யார் இனிமேல் கிணற்றில் இறைக்கப் போகிறார்கள்? கிணறுகள் கேட்பாரற்றுப் போயின. பலவற்றில் குப்பை விழுந்தது.

சில ஆண்டுகளில், பழைய நகரத்தில் கடைகளின் நிலவறைகளில் தண்ணீர் கிளம்பியது. தினந்தோறும் பம்பு வைத்து இறைத்துவிட்டுத்தான் கடை நடத்த வேண்டும் என்ற நிலைமை வந்தது. காரணம் தேடிய ஆய்வாளர்கள் சொன்னது இதுதான்: வெளியிலிருந்து தண்ணீர் வந்துகொண்டே இருக்கிறது, உள்ளூர்க் கிணற்றில் இறைப்பு நின்றுவிட்டது, குடிநீர்க் குழாயும் சாக்கடையும் ஏரியும் கசிகின்றன. வரவு கூடி, செலவு நின்றுபோனால் இருப்பு ஏறத்தானே செய்யும்? பின்னர் 2010-களில் 1740-களின் தூர்ஜி படிக்கிணற்றைத் தூர்வாரிச் சுத்தம் செய்தார்கள். இன்றைக்கு அது ஜனங்கள் வந்து பார்த்துப் போகிற இடமாக இருக்கிறது.

இப்போது நம் ஊருக்கு வருவோம். நம் பூமி கடினப்பாறை. மேலே சில மீட்டர் மட்டும் சிதைந்த பாறையும் மண்ணும். அதற்குக் கீழே வெடிப்புகளில்தான் தண்ணீர். தண்ணீர் பிடித்து வைக்க இடம் குறைவு. அதனால் நம் கிணறு கோடையில் சீக்கிரம் வற்றும், நல்ல மழையில் மளமளவென்று ஏறும்.

2014-இல் தூய்மை இந்தியா இயக்கம் தொடங்கிய பிறகு அடுத்த ஐந்து வருஷத்தில் நம் கிராமங்களில் ஏராளமான கழிவறைகள் கட்டினோம். நல்ல காரியம். ஆனால் அதே காலத்தில், 2016-இல், வடகிழக்குப் பருவமழை 60 சதவீதத்துக்கு மேல் பொய்த்தது. கிணறெல்லாம் அதல பாதாளத்தில். அந்த வறட்சியில் எவ்வளவு ஆழம் தோண்டினாலும் தண்ணீர் தட்டவில்லை. "ஆழமா வெட்டினா ரொம்ப நாள் ரொம்பாது" என்று வெட்டிவிட்டோம். 2021 வந்ததும் அந்தக் குழிகளின் குணம் தெரிந்தது. மணிலா விதைக்கும்போது பின்மழையையும் யோசிக்கிறவர்கள், குழி வெட்டும்போது மழைக்காலத்தை மறந்துவிட்டோம்.

அதோடு, குழாய்த் தண்ணீர் வீட்டுக்கு வீடு வந்துவிட்டது. நத்தத்தில் உள்ள பொதுக் கிணற்றில் இறைப்பார் இல்லை. சில ஊர்களில் அதில் குப்பை கொட்டி மூடவும் முயற்சி நடக்கிறது. ஜோத்பூரின் கதை சின்ன அளவில் நம் தெருவிலும் நடக்கலாம்.

ஆகவே சில யோசனைகளைச் சொல்லி முடிக்கிறேன்.

முதலாவது, ஊர்க் கிணற்றைத் தூர்த்துவிடாதீர்கள். பூமிக்குள் தண்ணீர் எங்கே நிற்கிறது என்று காட்டும் கண் அதுதான். கார்த்திகை மாதம் தண்ணீர் மிக மேலே நிற்கும்போது உள்சுவரில் பெயிண்டால் ஒரு கோடு போட்டு, வருஷத்தையும் எழுதி வையுங்கள். வயதானவர்களைக் கேட்டு, முன்பு எதுவரை ஏறியது என்றும் குறியுங்கள். ஆபீசில் இருக்கும் கணக்கைவிட இந்தக் கோடு உங்களுக்கு அதிகம் உதவும்.

இரண்டாவது, புதுக்குழி வெட்டுகிறவர்கள் அந்தக் கோட்டைப் பார்த்து வெட்டுங்கள். குழியின் அடி, உச்ச நீர்மட்டத்துக்கு மேலே 2 மீட்டர் இருப்பது நல்லது. ஆழமாக ஒரு குழி வெட்டுவதைவிட ஆழம் குறைவாக இரண்டு குழி வெட்டி, மாற்றி மாற்றி உபயோகிப்பதே மேல். கிணற்றுக்கும் குழிக்கும் குறைந்தது 10 மீட்டர் இடைவெளி வேண்டும். பாறை வெடிப்பு இருக்கும் இடத்தில் அதுவும் போதாது. இன்னும் தள்ளி, கிணற்றுக்குச் சரிவில் கீழ்ப்புறமாக அமையுங்கள்.

மூன்றாவது, தண்ணீர் ஊறும் தாழ்வான மனையில் குழியை உயர்த்திக் கட்டுங்கள். தேங்கும் தண்ணீருக்கு மேல் 30 சென்டிமீட்டராவது குழியின் வாய் இருக்க வேண்டும். சுற்றிலும் ஒரு மீட்டர் அகலத்துக்கு மண் கொட்டித் திமிசு போடுங்கள். கழிவறைப் பீடமும் அதற்குத் தக்கபடி உயர வேண்டும். அடிப்பக்கத்தைப் பூசிவிட்டு, குழியைச் சுற்றி அரை மீட்டர் கனத்துக்கு நுண்மணல் நிரப்பினால் வடிகட்டி மாதிரி உதவும்.

நான்காவது, பூமி நிரம்பி நிற்கும்போது குழியை இறைக்க லாரி கூப்பிட்டுப் பணத்தை வீணாக்காதீர்கள். பக்கத்துத் தண்ணீர் மறுபடி உள்ளே வரும். காலித் தொட்டியைத் தண்ணீர் மேலே தூக்கிவிடவும் கூடும். எக்காரணம் கொண்டும் ஆளைக் குழிக்குள் இறக்காதீர்கள். விஷவாயு ஒரு நொடியில் உயிரைக் குடித்துவிடும். சட்டமும் 2013 முதல் அதைக் கடுமையாகத் தடுக்கிறது. தண்ணீர் வடியும் வரை குளியல், துணி துவைக்கும் தண்ணீரைக் குழியில் விடாமல் வாழைக்கோ தென்னைக்கோ திருப்பிவிடுங்கள்.

ஐந்தாவது, கிணற்றில் தண்ணீர் மேலே வந்த மாதங்களில் அதைக் கொதிக்கவைத்தே குடியுங்கள். குழந்தைகளுக்கு இது ரொம்ப முக்கியம். பிளீச்சிங் பவுடர் போடுவதானால், தெளிந்த தண்ணீர் 1000 லிட்டருக்குச் சுமார் 2½ கிராம் என்பது கணக்கு. போட்டு ஒரு மணி நேரம் கழித்தே எடுக்க வேண்டும். தண்ணீர் கலங்கியிருந்தால் சுகாதார ஆய்வாளரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

நான் முதலில் சொன்ன விவசாயி என்ன செய்தார் தெரியுமா? அந்த மழைக்காலம் முடியும் வரை வீட்டில் தண்ணீரைக் காய்ச்சிக் குடித்தார்கள். தை மாதம் மேட்டுப் பாங்கான இடத்தில், கிணற்றைவிட்டுத் தள்ளி இரண்டு குழி புதிதாக வெட்டினார். கிணற்றுச் சுவரில் சிவப்பு பெயிண்டில் ஒரு கோடு, பக்கத்தில் 2021 என்று எழுதியிருக்கிறார். "என் பேரன் வீடு கட்டும்போது இதைப் பார்த்துக்கட்டும் சார்" என்றார்.

உங்கள் ஊர்க் கிணற்றில் அப்படி ஒரு கோடு இருக்கிறதா? இல்லையென்றால் வருகிற கார்த்திகையில் போட்டுவிடுங்கள்.