கரிசல் வட்டார வீடுகள்

விருதுநகர், தூத்துக்குடி மாவட்டங்களின் கருமண் பரப்பில், உள்ளூரில் கிடைத்த மண், பனை, சுண்ணாம்பு ஆகியவற்றைக் கொண்டு கட்டப்பட்டவை கரிசல் வட்டார வீடுகள். சிவகாசி, சாத்தூர், தாயில்பட்டிச் சுற்றுவட்டாரமும் இம்மரபில் அடங்கும்.

கடைக்கால்

கரிசல் மண் மழையில் உப்பும். கோடையில் சுருங்கி வெடிக்கும். அதன்மீது மேலாக எழுப்பிய சுவர் நிலைக்காது. எனவே கருமண்ணைத் தாண்டி, கெட்டி மண்ணோ சுக்கான் பாறையோ தட்டும்வரை கடைக்கால் தோண்டுவார்கள். இதே சிக்கலுக்காகத்தான் ரூர்க்கி மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம், அடிப்பகுதி அகன்ற கான்கிரீட் தூண் அடித்தளத்தைப் பிற்காலத்தில் உருவாக்கியது.

சுவரும் கூரையும்

மண்சுவரை ஒரே மூச்சில் எழுப்ப முடியாது. மிதித்துக் குழைத்த மண்ணை ஒரு படை வைத்து, அது காய்ந்து இறுகிய பிறகே அடுத்த படை ஏறும். கூரையைத் தாங்குவது பனை. பெரும்பாலான மரங்களுக்கு வைரம் நடுவில் இருக்கும், பனைக்கு வெளிப்புறத்தில். முற்றிய பனையை ஆப்பு வைத்துப் பிளந்து, உள்ளே இருக்கும் மென்மையான சோற்றைச் செதுக்கி எறிந்தால், கருத்த நாரோடிய சட்டம் மிஞ்சும். அதன்மேல் பனையோலையோ நாட்டு ஓடோ வேய்வார்கள்.

வசதி படைத்தவர்கள் காரை வீடும் மச்சு வீடும் கட்டினார்கள். சுண்ணாம்பையும் மணலையும் செக்கில் அரைத்து, கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய நீர் சேர்த்துக் காரை தயாரித்தார்கள். தட்டையான கூரையான மட்டப்பாவில் அதைப் பரப்பி, இறுகும்வரை கட்டையால் அடிப்பார்கள்.

சடங்குகள்

தலைவாசல் நிலை வைக்கும்போது மஞ்சள் குங்குமமிட்டு, அடியில் நவதானியம் இடுவது வழக்கம். வேலை முடிந்ததும் தச்சர் ‘தச்சு கழிக்கும்’ சடங்கைச் செய்வார். பிறகு பால் காய்ச்சிக் குடிபுகுவார்கள்.

மாற்றம்

மண்ணும் காரையும் கொண்டு கட்டும் இம்முறை பிறகு மாறியது. 1960களின் தொடக்கத்தில் துலுக்கப்பட்டி அருகே ராமசாமி ராஜா நகரில் சிமென்ட் ஆலை வந்தது. குடிசைகளைக் கான்கிரீட் வீடுகளாக்கும், தமிழ்நாடு அரசின் கலைஞர் வீடு வழங்கும் திட்டம் 2010இல் தொடங்கியது. ஒழுகாத கூரை ஏழைகளுக்குக் கிடைத்தது பெரும் நன்மை. ஆயினும் கான்கிரீட் வீட்டுக்கு அடியிலும் அதே கரிசல்தான் உப்பிச் சுருங்குகிறது. மண்ணின் போக்கறிந்து கடைக்கால் இறக்கிய கொத்தனார்களின் அனுபவத்தைப் பதிவுசெய்வது, இனிக் கட்டப்படும் வீடுகளுக்கும் பயன்தரும் கடமை.