ஷெல்பியும் 500 கறுப்பு ஆம்னிகளும்

எண்பதுகளின் அமெரிக்கக் கார்களைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே பாட்டைத்தான் பாடுகிறார்கள். 1973 எண்ணெய்த் தடையும் 1975 எரிபொருள் சிக்கனச் சட்டமும் வேகக் கார்களைக் கொன்றுவிட்டன, வி8 இன்ஜின் தேறி எழுந்த பிறகுதான் உயிர் திரும்பியது என்பார்கள். இதில் பாதிதான் உண்மை. 1975-ல் கார்வெட்டின் அடிப்படை இன்ஜின் 165 குதிரைசக்திக்குச் சரிந்ததை யாரும் மறுக்க முடியாது. ஆனால் அதுவரை டெட்ராய்ட்டுக்கு வேகம் வேண்டுமென்றால் இன்ஜினைப் பெரிதாக்கினால் போதும் என்றிருந்தது. சட்டம் அந்தக் குறுக்குவழியை அடைத்த பிறகே, சின்ன இன்ஜினுக்குள் காற்றை எப்படித் திணிப்பது, எடையை எப்படிக் குறைப்பது என்று அங்கே தீவிரமாக யோசித்தார்கள். அப்படி யோசித்தவர்களில் முதல் வரிசையில் கரோல் ஷெல்பியை நிறுத்த வேண்டும் என்பது என் கட்சி.   

இதய நோயோடு, நாக்கடியில் நைட்ரோகிளிசரின் மாத்திரையை அடக்கிக்கொண்டு பந்தயம் ஓட்டிய டெக்சாஸ்காரர் அவர். அதற்கு முன் கோழிப்பண்ணை நடத்தி நொடித்தவர். 1959-ல் ராய் சால்வடோரியோடு சேர்ந்து ஆஸ்டன் மார்ட்டினில் லெ மான் பந்தயத்தை வென்றார். உடம்பு ஓட்ட விடாதபோது, 1962-ல் பிரிட்டிஷ் ஏ.சி. காரின் மெலிந்த உடலுக்குள் ஃபோர்டு வி8-ஐ இறக்கிக் கோப்ராவைப் படைத்தார். ஃபோர்டில் ஷெல்பிக்குத் துணை நின்ற நிர்வாகி லீ ஐயகோக்காவை 1978-ல் அங்கிருந்து வெளியேற்றியது இரண்டாம் ஹென்றி ஃபோர்டு செய்த மகா தவறு. கிரைஸ்லருக்குப் போன ஐயகோக்கா ஷெல்பியையும் அங்கே அழைத்துக்கொண்டார்; அதனால்தான் ஷெல்பியின் அடுத்த ஆட்டம் கிரைஸ்லருக்குக் கிடைத்தது. அங்கே ஷெல்பியின் கைக்கு வந்தது டாட்ஜ் ஆம்னி. நம்மூர் மாருதி வேன் அல்ல, பெட்டி போன்ற ஐந்து கதவுச் சிறு கார். அதன் 2.2 லிட்டர் நான்கு சிலிண்டர் இன்ஜினோடு 1984-ல் வந்த ஜி.எல்.எச். 110 குதிரைசக்தி தந்தது. மறு ஆண்டு, இன்ஜினுக்குள் காற்றைத் திணிக்கும் டர்போ சேர்ந்ததும் 146 ஆனது. 1986-ல் கலிஃபோர்னியாவின் விட்டியரில் இருந்த தன் பட்டறைக்கு 500 கார்களை வரவழைத்து, டர்போ சூடாக்கும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரையும், கோனி ஷாக் அப்சார்பர்களையும் பொருத்தி 175-க்கு உயர்த்தினார் ஷெல்பி. அதுதான் ஜி.எல்.எச்.எஸ்.; எல்லாமே கறுப்பு. டாஷ்போர்டில் இருந்த ஸ்பீடோமீட்டர் 85 மைலோடு நின்றுவிடும். புது மீட்டர் செய்யக் காசில்லாத திட்டம் என்பதால், எண்களை 135 வரை நீட்டும் ஸ்டிக்கர் ஒன்றை அதன் கீழே ஒட்டினார்கள். அந்தக் காரின் மொத்தக் குணமும் எனக்கு அந்த ஸ்டிக்கரில் தெரிகிறது.

கணக்கையும் பார்த்துவிடலாம். ஆயிரத்துச் சொச்சம் கிலோ எடையில் 175 குதிரைசக்தி என்றால், ஒரு குதிரைக்கு ஆறு கிலோ சுமை. அதே ஆண்டு கார்வெட் 230 குதிரைசக்தியோடு சுமார் 1,450 கிலோவை இழுத்தது. ஒரு குதிரைக்கு ஆறு கிலோவுக்கு மேல். விலையோ ஆம்னி 11,000 டாலர், கார்வெட் 27,000. உச்ச வேகத்தில் கார்வெட்டின் வழவழப்பான உடல் முந்தும், அதை ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். சட்டென்று மிதித்தால் முன்சக்கரங்கள் ஸ்டீயரிங்கைப் பக்கவாட்டில் பிடுங்கும் என்ற குறையும் நிஜமே. ஆனால் அந்த விலைக்கு அந்தப் பாய்ச்சலை அன்று அமெரிக்காவில் வேறு எங்கே தேடுவது?

டர்போ ஷெல்பியின் கண்டுபிடிப்பா என்று கேட்பார்கள். இல்லை. 1962-லேயே ஓல்ட்ஸ்மொபீலும் செவர்லேயும் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தன. ஆனால் ஓல்ட்ஸ்மொபீல் ஜெட்ஃபயருக்குத் தனியாக ஒரு திரவம் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். 1963-க்குப் பிறகு அதைக் கைவிட்டார்கள். இன்னொரு ஆட்சேபம்தான் கனமானது: வெறும் 500 கார் ஒரு வரலாறு ஆகுமா? 500-ஐ விற்பனை எண்ணிக்கையாகப் பார்த்தால் ஆகாது, வெள்ளோட்டமாகப் பார்த்தால் ஆகும். ஷெல்பி விட்டியரில் பொருத்திய அதே இன்டர்கூலர் ஏற்பாடு, 1987-ல் டர்போ 2 என்ற பெயரில் கிரைஸ்லரின் சொந்தத் தொழிற்சாலையிலேயே டேடோனா ஷெல்பி இசட்டுக்குள் ஏறியது, 174 குதிரைசக்தி.