குருநகர்ப் பறவைநோக்குப் பயணம்

யாழ்ப்பாண நகரின் தென்பால் கடனீரேரிக் கரையில் அமைந்ததும், முற்காலத்திலே கரையூர் என வழங்கியதுமான குருநகரில் தொடங்கி, பண்ணை, மண்டைதீவு, வேலணை, புங்குடுதீவு வழியாக நயினாதீவு வரை, உள்ளூர் வழிகாட்டியின் துணையோடு பட்சிகளையும் பண்பாட்டுத் தலங்களையும் ஒருங்கே கண்டுவரத்தக்க பயணவழி இது.

இப்பிரதேசத்தின் விசேஷம் அதன் ஆழமற்ற நீரிலேயே அடங்கியுள்ளது. சேற்றுத்தரையில் நத்தை, புழு, சிற்றிறால் முதலிய பிராணிகள் மிகுதியாகப் பெருகுவதால், வாடைக்காற்றுத் தொடங்கும் ஐப்பசி, கார்த்திகை முதற்கொண்டு பங்குனி வரை, ஊசிவால் வாத்து, கருவால் மூக்கான், பலவகை உள்ளான்கள் ஆகியன தூர வடதேசங்களிலிருந்து வந்து தங்குகின்றன. பூநாரை தன் தலையைக் கவிழ்த்து, அலகினுள் அமைந்த சல்லடை போன்ற தகடுகளால் நீரை வடித்து உண்ணும். அதன் இளஞ்சிவப்பு நிறத்துக்கு அவ்வுணவிலுள்ள நிறப்பொருளே காரணமாகும். கூழைக்கடா, மஞ்சள் மூக்கு நாரை முதலியவற்றையும் இந்நீர்ப்பரப்பிற் காணலாம்.

பறவைகளுக்கு ஆகாரமளிக்கும் அந்நீரே குருநகர் மக்களுக்கும் ஜீவாதாரமாயிற்று. இறாலுக்கும் நண்டுக்குமாகக் கடனீரேரியிலே கம்பு நாட்டிக் கட்டப்படும் சிறகுவலைகளின் கம்புகளில் நீர்க்காகமும் ஆலாவும் அமர்ந்திருக்கும் தோற்றம் அவ்வுறவை ஒரு பார்வையில் உணர்த்தும். ஆகையால், நீரின் ஏற்றவற்றத்தையும் காற்றின் போக்கையும் தொழிலிலே கற்றறிந்த கடற்றொழிலாளரே இங்கே சிறந்த வழிகாட்டிகளாவர்.

1619ஆம் ஆண்டில் யாழ்ப்பாண இராச்சியத்தை வென்ற போர்த்துக்கேயர் அமைத்து, 1658இல் ஒல்லாந்தர் கைப்பற்றி, பின்னர் ஐங்கோண வடிவிற் புதுக்கிய கோட்டை பண்ணையருகே உள்ளது. அதனைக் கடந்து பண்ணைப் பாலத்தில் ஏறுவோர் இருமருங்கும் நீர்ப்பறவைகளைக் காண்பர். வேலணையையும் புங்குடுதீவையும் இணைக்கும் வாணர் பாலத்தைத் தாண்டி, குறிகட்டுவானில் படகேறினால், நாகபூஷணி அம்மன் ஆலயமும் நாகதீப விகாரையும் அமைந்த நயினாதீவை அடையலாம்.

குருநகர்ப் புனித யாகப்பரின் திருநாளான ஜூலை 25ஆம் திகதியும், ஆனி மாதத்து நயினாதீவுப் பெருவிழாவும் வலசைப்பறவைகள் வடக்கே சென்றிருக்கும் காலத்தில் வருவன. பெப்ரவரி அல்லது மார்ச்சில் நிகழும் கச்சதீவு அந்தோனியார் திருவிழாவோ பறவைக் காலத்திலேயே வருவதால், இரண்டையும் விரும்புவோர் அப்பருவத்தைத் தெரிந்துகொள்வது உசிதம்.

அதிகாலையில், சூரியன் முதுகுப்புறம் இருக்க நின்று நோக்குதல் வேண்டும். நெடும்பயணத்துக்காக உடலிற் கொழுப்பைச் சேமிக்கும் பறவைகளை அநாவசியமாகக் கலைத்துப் பறக்கச்செய்வது அச்சேமிப்பை வீணாக்கும்; வலைகளுக்கிடையே படகு செலுத்துவது தொழிலாளரின் உழைப்பைக் கெடுக்கும்; இவ்விரண்டையும் தவிர்ப்பதே யாத்திரிகரின் முதற்கடமையாகும்.